நெடுந்தூரத் தாக்குதல் ஆயுதங்களும் அணு ஆயுதச் சமநிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே எந்த ஆயுதங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

அணுகுண்டு இல்லாமல், சாதாரண வெடிமருந்தோடு, பல நூறு அல்லது சில ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இலக்கைக் குறிபார்த்து அடிக்கும் ஆயுதங்களைப் பற்றி. தரையை ஒட்டித் தாழப் பறக்கும் குரூஸ் ஏவுகணை, உயரே எழும்பி வளைந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணை, ஒலியைவிட ஐந்து மடங்குக்கும் மேலான வேகத்தில் திசை மாற்றிக்கொண்டே செல்லும் ஹைப்பர்சோனிக் ரகங்கள், அப்புறம் நெடுந்தூர ட்ரோன்கள் எல்லாம் இதில் அடக்கம்.

எத்தனை கிலோமீட்டர் போனால் நெடுந்தூரம் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு கிடையாது. எதிரி நாட்டின் அணு ஆயுதங்களையோ, அவற்றுக்கு உத்தரவு போடும் தலைமையையோ, எச்சரிக்கை ரேடார்களையோ எட்டித் தொட முடிகிறதா? முடிந்தால் அது இந்தப் பக்கத்தில் பேச வேண்டிய ஆயுதம். சியோலுக்கும் பியோங்யாங்குக்கும் நடுவே சுமார் 200 கிலோமீட்டர்தான். அங்கே 300 கிலோமீட்டர் போகும் ஏவுகணையே போதும்.

உத்திசார் நிலைத்தன்மை என்கிறார்களே, அது என்ன?

அணு ஆயுதம் வைத்திருக்கும் இரண்டு நாடுகள் கடும் நெருக்கடியில் இருக்கும்போதும், "நாம் முந்திக்கொள்ளாவிட்டால் தொலைந்தோம்" என்ற நினைப்பு எந்தப் பக்கத்துக்கும் வராமல் இருக்கும் நிலை. 1990 ஜூனில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, அணு ஆயுதத்தை முதலில் வீசத் தோன்றும் தூண்டுதலை அகற்றுவதையே இதன் மையமாக வைத்தது. முதல் அடியை வாங்கிய பிறகும் திருப்பி அடிக்க நம்மிடம் ஏதாவது மிஞ்சும் என்ற நம்பிக்கை இருந்தால் தலைவர்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டால் நேரமும் போய்விடும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒருவர் புது ஆயுதம் செய்ய, அதைப் பார்த்து மற்றவர் இரண்டு செய்ய, போட்டி முடிவே இல்லாமல் போகக் கூடாது. நெருக்கடி நேரத்து நிலைத்தன்மை, ஆயுதப் போட்டி சார்ந்த நிலைத்தன்மை இரண்டையுமே இந்த ஆயுதங்கள் தொடுகின்றன.

அணுகுண்டே இல்லாத ஏவுகணை அணுச் சமநிலையை எப்படிக் கெடுக்கும்?

குறி தவறாமையால். பனிப்போரின் தொடக்கத்தில் ஏவுகணைகள் இலக்கைவிட்டுக் கிலோமீட்டர் கணக்கில் விலகி விழுந்தன. அந்தப் பிழையை ஈடுகட்டத்தான் மெகாடன் (ஒரு மெகாடன் என்பது பத்து லட்சம் டன் வெடிமருந்துக்குச் சமம்) கணக்கான வெடிதிறன் தேவைப்பட்டது. வெடிப்பின் அழுத்தம் எவ்வளவு தூரம் எட்டும் என்பது வெடிதிறனின் கனமூலத்தைப் பொறுத்தது. ஆகவே குறிபார்க்கும் துல்லியத்தை இரு மடங்காக்கினால், அது வெடிதிறனை எட்டு மடங்காக்கியதற்குச் சமம். பிழை சில மீட்டர்களுக்குள் வந்துவிட்டால், முன்பு அணுகுண்டு மட்டுமே செய்யக்கூடியதாக இருந்த சில வேலைகளை அரை டன் சாதாரண வெடிமருந்து செய்துவிடும்.

இது நடைமுறைக்கு வந்ததை உலகம் 1991 வளைகுடாப் போரில் பார்த்தது. அந்தப் போரில் அமெரிக்கக் கடற்படை ஏறத்தாழ 290 டோமஹாக் குரூஸ் ஏவுகணைகளை ஏவியது. பிறகு, அணு ஏவுகணைகளைச் சுமந்துகொண்டிருந்த ஒஹையோ ரக நீர்மூழ்கிகளில் நான்கை மாற்றியமைத்து, ஒவ்வொன்றிலும் 154 டோமஹாக் வரை ஏற்றினார்கள். ரஷ்யா 2015 அக்டோபரில் காஸ்பியன் கடலில் இருந்த போர்க்கப்பல்களிலிருந்து 26 கலிப்ர் குரூஸ் ஏவுகணைகளைச் சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளியிருந்த சிரியாவுக்குள் அனுப்பித் தன்னிடமும் இது இருக்கிறது என்று காட்டியது.

அணு ஆயுதத்தை எடுக்கத் தலைவர்கள் தயங்குவார்கள். 1945-க்குப் பிறகு யாரும் அதைப் போரில் எடுக்கவில்லை. சாதாரண ஏவுகணைக்கு அந்தத் தயக்கம் கிடையாது. அதனால்தான் அது அணு ஆயுத இலக்குகளை எட்டும்போது நான் அதிகம் பயப்படுகிறேன். எடுக்கச் சுலபமான ஆயுதம், தொடவே கூடாத இலக்கைத் தொடுகிறது.

அப்படியானால் சாதாரண ஏவுகணைகளால் மட்டுமே ஒரு நாட்டின் அணு ஆயுதங்களை மொத்தமாக அழித்துவிட முடியுமா?

பெரிய நாடுகள் விஷயத்தில் முடியாது என்றே நினைக்கிறேன். கடலுக்கடியில் திரியும் நீர்மூழ்கியை நிலத்தைக் குறிபார்க்கும் ஏவுகணை தொட முடியாது. நிலத்தடியில் கான்கிரீட்டும் எஃகும் போட்டு இறுக்கிய ஏவுகுழியை உடைக்க, அதன் மூடியின் மேலேயே விழ வேண்டும். லாரிகளில் நகரும் ஏவுகணைகளைத் தேடிப்பிடிப்பது இன்னும் கடினம். 1991-இல் இராக்கின் ஸ்கட் ஏவுகணை வண்டிகளை வேட்டையாடக் கூட்டணிப் படைகள் ஏராளமான விமானங்களை அனுப்பின. போருக்குப் பிறகு அமெரிக்க விமானப்படைக்காகச் செய்யப்பட்ட ஆய்வில், ஒரு வண்டி அழிக்கப்பட்டதைக்கூட உறுதிப்படுத்த முடியவில்லை. இன்று செயற்கைக்கோள்களும் ட்ரோன்களும் எவ்வளவோ முன்னேறிவிட்டன என்பதும் உண்மைதான்.

ஆனால் கேள்வி அதோடு நிற்பதில்லை. சில பத்து அணு ஆயுதங்கள் மட்டும் வைத்திருக்கும் ஒரு நாடு, எதிரியிடம் ஆயிரக்கணக்கில் துல்லிய ஏவுகணைகள் இருப்பதைப் பார்க்கிறது. முதல் அலையில் பாதி போகும், மிஞ்சியதை ஏவுகணைத் தடுப்பு அமைப்பு சுட்டு வீழ்த்திவிடும் என்று கணக்குப் போடுகிறது. இந்தக் கணக்கு தப்பாகவே இருக்கலாம். இருந்தாலும் அதை நம்புகிற நாடு தன் ஆயுதங்களை எப்போதும் ஏவத் தயாராக வைக்கும், கீழ்மட்டத் தளபதிகளுக்கு அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும், எண்ணிக்கையைக் கூட்டும். விபத்துக்கும் அவசர முடிவுக்கும் கதவைத் திறந்துவிடுபவை இந்த மூன்றும்தான்.

வருவது அணுகுண்டா சாதாரணக் குண்டா என்று ரேடாரில் தெரியாதா?

தெரியாது. ரேடாரும் செயற்கைக்கோளும் ஏதோ ஒன்று கிளம்பியது, இந்த வேகத்தில் இந்தத் திசையில் வருகிறது என்று சொல்லும். மூக்கில் என்ன இருக்கிறது என்று சொல்லாது.

இந்தச் சிக்கல் அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே ஒரு திட்டத்தை நிறுத்தியிருக்கிறது. உலகின் எந்த மூலையையும் ஒரு மணி நேரத்துக்குள் சாதாரண வெடிமருந்தால் அடிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு, நீர்மூழ்கிகளில் இருக்கும் டிரைடென்ட் அணு ஏவுகணைகளில் சிலவற்றுக்குச் சாதாரண வெடிமுனை பொருத்தலாம் என்று 2006-இல் பென்டகன் முன்மொழிந்தது. ஒரே நீர்மூழ்கி, ஒரே ஏவுகணை, ஒரே மாதிரிப் புகை. உள்ளே மட்டும் வேறு. ரஷ்யா இதை அணுத் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். திருப்தியான பதில் வரவில்லை, பணமும் ஒதுக்கப்படவில்லை. ஆயுத வரலாற்றில் இப்படி ஒரு முடிவு அபூர்வம். அதை எடுத்தவர்களுக்கு உரிய பாராட்டு கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

மற்ற இடங்களில் அந்தத் தயக்கம் இல்லை. சீனாவின் டிஎஃப்-26 ஏவுகணை சுமார் 4,000 கிலோமீட்டர் போகும். அணு, சாதாரணம் என்று எந்த வெடிமுனையையும் அதற்குப் பொருத்தலாம். ரஷ்யாவின் கேஎச்-101 சாதாரண குரூஸ் ஏவுகணை, கேஎச்-102 அதன் அணு இரட்டை. இரண்டையும் சுமப்பது அதே குண்டுவீச்சு விமானங்கள். 2022 நவம்பரில் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு தகவலை வெளியிட்டது: பழைய கேஎச்-55 அணு ஏவுகணைகளிலிருந்து அணு வெடிமுனையைக் கழற்றிவிட்டு, வெற்று ஏவுகணைகளை ரஷ்யா உக்ரைன்மேல் ஏவுவதாகத் தெரிகிறது, அநேகமாக வான்பாதுகாப்பை ஏமாற்றுவதற்காக. எதிரில் இருப்பதும் அணு ஆயுத நாடாக இருந்திருந்தால் இது எவ்வளவு ஆபத்தான விளையாட்டு என்று யோசித்துப் பாருங்கள்.

தவறாகப் புரிந்துகொண்ட சம்பவம் உண்மையில் நடந்திருக்கிறதா?

1995 ஜனவரி 25. நார்வேயின் ஆண்டோயா தீவிலிருந்து விஞ்ஞானிகள் துருவ ஒளியை ஆராய ஒரு ராக்கெட்டை ஏவினார்கள். ரஷ்ய ரேடார் அதைப் பார்த்தது. அமெரிக்க நீர்மூழ்கியிலிருந்து கிளம்பிய ஏவுகணையாக இருக்குமோ என்ற சந்தேகம் எழுந்து, அணுத் தாக்குதலுக்கு உத்தரவிட உதவும் அதிபர் எல்ட்சினின் பெட்டி வரை போனது. நார்வே முன்கூட்டியே தகவல் கொடுத்திருந்தது. அது ரேடார் நிலையத்தில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அமைதியான காலம், ஒரே ஒரு ராக்கெட், நட்பாக இருந்த உறவு. அதனால் பிழைத்தோம்.

2024 நவம்பர் 21 அன்று ரஷ்யா உக்ரைனின் நிப்ரோ நகர்மேல் ஓரெஷ்னிக் என்ற நடுத்தரத் தொலைவு பாலிஸ்டிக் ஏவுகணையை ஏவியது. அணு வெடிமுனையும் சுமக்கக்கூடிய ஏவுகணை அது. ஏவுவதற்கு அரை மணி நேரம் முன்பு, அணு அபாயக் குறைப்பு மையம் வழியாக அமெரிக்காவுக்குத் தகவல் போனதாக ரஷ்யா சொன்னது. கடுமையான போருக்கு நடுவிலும் அந்த ஒரு செய்தி போனது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்த மையங்களுக்காக 1987-இல் போட்ட ஏற்பாடு 37 வருடம் கழித்து வேலை செய்திருக்கிறது.

ஹைப்பர்சோனிக் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்கிறார்களே?

மிகைதான். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் பழைய ஏவுகணையின் வெடிமுனையே ஒலியைவிட இருபது மடங்கு வேகத்தில்தான் விழுகிறது. வேகம் புதிதில்லை. புதிது எதுவென்றால், தாழ்வாக வருவதால் தரை ரேடாருக்குத் தாமதமாகத் தெரிவதும், வழியில் திரும்புவதால் எங்கே விழப்போகிறது என்று கடைசிவரை தெரியாததும். பாலிஸ்டிக் ஏவுகணையின் பாதையைப் பார்த்து அது ராணுவத் தளத்துக்கா தலைநகருக்கா என்று கணக்கிட்டுவிடலாம். இதில் அந்தக் கணக்கு கெட்டுப்போகிறது.

குரூஸ் ஏவுகணை மெதுவாகத்தானே வருகிறது? அதனால் என்ன ஆபத்து?

டோமஹாக் மணிக்குச் சுமார் 880 கிலோமீட்டர் வேகத்தில் போகும், பயணிகள் விமானம் மாதிரி. 1,600 கிலோமீட்டர் போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் எதிரிக்குக் கிடைக்காது. பூமி உருண்டை என்பதால், 20 மீட்டர் உயரக் கம்பத்தில் இருக்கும் ரேடாருக்கு 50 மீட்டர் உயரத்தில் வரும் ஏவுகணை சுமார் 47 கிலோமீட்டர் தொலைவில்தான் தென்படும். மூன்று நிமிடம். மலைகள் மறைத்தால் அதுவும் இல்லை. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைக்கே எச்சரிக்கைக் காலம் அரை மணி நேரம் வரை உண்டு.

எல்லாவற்றிலும் ஆபத்தான விஷயம் எது?

என் பார்வையில், இலக்குத் தேர்வு. ஏவுகணையின் தூரத்தையும் வேகத்தையும் பற்றித்தான் செய்திகள் வருகின்றன. நான் முதலில் பார்ப்பது அது எதன்மேல் விழுந்தது என்பதை.

பெரிய நாடுகளின் ராணுவங்களில் அணு வேலையும் சாதாரண வேலையும் ஒரே கட்டமைப்பில் கலந்து கிடக்கின்றன. ஒரே ரேடார் அணு ஏவுகணையையும் பார்க்கிறது, சாதாரண ஏவுகணையையும் பார்க்கிறது. ஒரே தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் அதிபரின் அணு உத்தரவையும் சுமக்கிறது, களத்தில் இருக்கும் படைப்பிரிவின் உத்தரவையும் சுமக்கிறது. ஒரே விமானதளத்தில் இரண்டு வேலைக்குமான விமானங்கள் நிற்கின்றன. சாதாரணப் போரில் எதிரியின் கண்ணைக் கட்ட நினைக்கும் தளபதி, அந்த ரேடாரை அடிப்பது நியாயமான ராணுவ முடிவு என்றுதான் நினைப்பார். அடிபட்டவருக்கோ, அணுத் தாக்குதலுக்கு முன்னால் நம்மைக் குருடாக்குகிறார்கள் என்று தோன்றும். யார் பக்கமும் பொய் இல்லை. அதுதான் இதில் கொடுமை.

2024 மே மாதம் இப்படி ஒன்று நடந்தது. ரஷ்யாவின் தெற்கே அர்மாவீரில் இருக்கும் வரோனெஷ் ரக முன்னெச்சரிக்கை ரேடாரை உக்ரைன் ட்ரோன்கள் சேதப்படுத்தின. அணு ஏவுகணை வருவதைக் கண்டுபிடிக்கவென்றே கட்டிய நிலையம் அது. உக்ரைனிடம் அணு ஆயுதம் இல்லை. தன் நிலத்தைக் காக்கப் போராடும் நாட்டுக்கு எதிரியின் எந்த ரேடாரும் எதிரியின் ரேடார்தான். ஆனாலும் ரஷ்யாவின் அந்தக் கண் அமெரிக்காவை நோக்கியும் விழித்திருக்க வேண்டிய கண். அமெரிக்காவே இதுபற்றி உக்ரைனிடம் கவலை தெரிவித்ததாகச் செய்திகள் வந்தன. எதிரியின் முன்னெச்சரிக்கை ரேடார் நன்றாக வேலை செய்வதில் நமக்கும் நலன் இருக்கிறது என்பது கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் 1995-இல் ரஷ்ய ரேடார் அந்த ராக்கெட் கடலை நோக்கி விலகிப்போவதைச் சரியாகக் காட்டியதால்தான் விஷயம் அங்கேயே முடிந்தது.

அணு ஆயுத நாடுகள் இதைப்பற்றி வெளிப்படையாக ஏதாவது சொல்லியிருக்கின்றனவா?

சொல்லியிருக்கின்றன, கவனமாகப் படிக்க வேண்டிய வாசகங்கள் அவை. 2018-இல் வந்த அமெரிக்க அணு ஆயுதக் கொள்கை ஆவணம், தன் அணுப் படைகள், அவற்றின் கட்டளை அமைப்பு, எச்சரிக்கை அமைப்புகள் மீது அணு அல்லாத தாக்குதல் நடந்தாலும் அணு ஆயுதத்தால் பதில் தர வாய்ப்பு உண்டு என்றது. ரஷ்யாவின் 2020 ஆவணமும் தன் அணுப் பதிலடியைச் செயலிழக்கச் செய்யும் தாக்குதலை அந்தப் பட்டியலில் வைத்தது. 2024 நவம்பரில் திருத்தியபோது, விமானங்கள், குரூஸ் ஏவுகணைகள், ட்ரோன்கள் பெருமளவில் கிளம்பி எல்லையைத் தாண்டுவதாக நம்பகமான தகவல் வந்தால் என்ற நிபந்தனையையும் சேர்த்தது.

வடகொரியா 2022 செப்டம்பரில் இயற்றிய சட்டம் இன்னும் நேரடியானது. அணுப் படைகளின் கட்டளை அமைப்பு எதிரியின் தாக்குதலால் ஆபத்துக்கு உள்ளானால், அணுத் தாக்குதல் தானாகவே உடனடியாக நடத்தப்படும் என்கிறது. இதைத் தென்கொரியாவின் திட்டத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வடகொரியா அணு ஆயுதத்தை எடுக்கப்போகிறது என்று தெரிந்தால் முந்தி அடிப்பதும், எடுத்துவிட்டால் அதன் தலைமையையே தாக்குவதும் தென்கொரியாவின் அறிவிக்கப்பட்ட உத்தி. 2024 அக்டோபரில் காட்சிக்கு வைத்த ஹியூன்மூ-5 என்ற கனமான ஏவுகணை ஆழமான பதுங்குகுழிகளைக் குறிவைத்துச் செய்யப்பட்டது. ஒரு பக்கம் தலையை அடிப்பேன் என்கிறது, மறுபக்கம் தலையைத் தொட்டால் அணுகுண்டு தானாகப் பாயும் என்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் தூக்கம் கெடும்.

அணு ஆயுதம் இல்லாத நாடுகள் இவற்றை வாங்குவது தவறா?

தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அணு ஆயுத அண்டை நாட்டுக்கு அருகில், அணு ஆயுதம் செய்ய மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வாழும் நாடு வேறு எதை வைத்துத் தன்னைக் காக்கும்? ஜப்பான் 2022 டிசம்பரில் எதிர்த்தாக்குதல் திறன் தேவை என்று முடிவெடுத்து, 400 டோமஹாக் வாங்கத் தீர்மானித்தது. ஜெர்மனி, இத்தாலி, போலந்து ஆகியவை அணு ஆயுத நாடான பிரான்ஸோடு சேர்ந்து 2024 ஜூலையில் நெடுந்தூர ஆயுதங்களைக் கூட்டாக உருவாக்க ஒப்புக்கொண்டன. துல்லிய ஏவுகணை கையில் இருந்தால், அணுகுண்டு செய்தே ஆக வேண்டும் என்ற உள்நாட்டு அழுத்தம் குறையும். சாதாரண அடிக்குச் சாதாரணமாகவே பதில் தரவும் வழி கிடைக்கும். நிலைத்தன்மைக்கு இது நல்லது.

தென்கொரியா மாதிரி முந்தி அடிப்பதையே உத்தியாக அறிவிப்பது வேறு கதை. அங்கே நல்லது சுருங்கி ஆபத்து பெருகுகிறது.

உக்ரைன் ரஷ்யாவுக்குள் இவ்வளவு தூரம் அடித்தும் அணுப்போர் வரவில்லையே? பயம் வீண்தானே?

இந்தக் கேள்வியை இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். 2022 டிசம்பரில் ரஷ்யாவின் எங்கெல்ஸ் விமானதளம், 2024-இல் எச்சரிக்கை ரேடார்கள், 2025 ஜூன் 1 அன்று லாரிகளில் மறைத்துக் கொண்டுபோன ட்ரோன்களால் சைபீரியாவின் பெலாயா வரை நின்ற குண்டுவீச்சு விமானங்கள். எல்லாமே ரஷ்ய அணுப் படையோடு தொடர்புள்ள இலக்குகள். அணு ஆயுதம் எடுக்கப்படவில்லை. அணு மிரட்டல்களில் பல வெறும் மிரட்டல்களே என்பதற்கு இது நல்ல ஆதாரம்தான்.

ஆனால் அடித்தது உக்ரைன். அதனிடம் அணு ஆயுதம் இல்லாததால், இதைத் தொடர்ந்து அணுத் தாக்குதல் வரும் என்று மாஸ்கோ பயப்படக் காரணம் இல்லை. ரஷ்யாவின் நீர்மூழ்கிகளும் ஏவுகுழிகளும் அப்படியே இருந்தன. தாக்குதல்கள் சிறு அளவில், இடைவெளி விட்டு நடந்தன. இதே இலக்குகளை அமெரிக்கா ஒரே இரவில் அடித்திருந்தால்? அல்லது சீனாவின் நகரும் ஏவுகணைகளை, எது அணு எது சாதாரணம் என்று தெரியாமலே, தைவான் நெருக்கடியில் அடித்தால்? அந்தக் கேள்விக்கு உக்ரைன் அனுபவத்தில் விடை இல்லை. அங்கே தப்பித்ததை வைத்து இங்கேயும் தப்பிப்போம் என்று திட்டம் போடும் தளபதிகள் இருப்பார்களோ என்பதே என் கவலை.

இந்தியா, பாகிஸ்தான் நிலைமை என்ன?

2022 மார்ச் 9 அன்று இந்தியாவிலிருந்து தவறுதலாகக் கிளம்பிய ஒரு பிரமோஸ் குரூஸ் ஏவுகணை பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. வெடிமுனை இல்லை, உயிர்ச்சேதம் இல்லை. பாகிஸ்தான் ராணுவத்தின் கணக்குப்படி அது அவர்கள் நிலத்துக்கு மேல் 124 கிலோமீட்டர் பறந்தது. தவறு நடந்ததை இந்தியா மார்ச் 11-இல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூன்று பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். உடனே தகவல் சொல்லவில்லை என்பது பாகிஸ்தானின் புகார்.

இரண்டு நாடுகளுக்கும் இடையில் உருப்படியான ஏற்பாடுகள் உண்டு. அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று 1988-இல் ஒப்பந்தம் போட்டு, 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1-இலும் அந்த நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கிறார்கள். போர்களும் குண்டுவெடிப்புகளும் நடந்த ஆண்டுகளுக்குப் பிறகும் அது நிற்கவில்லை. பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனைகளை முன்கூட்டியே சொல்ல 2005-இல் ஒப்பந்தம் ஆனது. அதில் குரூஸ் ஏவுகணை சேரவில்லை. 2025 மே மோதலில் அதிகம் பேசப்பட்டது அந்தச் சேராத ரகம்தான்.

மே 10 அன்று இந்திய ஏவுகணைகள் தாக்கிய தளங்களில் ராவல்பிண்டியின் நூர் கான் தளமும் ஒன்று. பாகிஸ்தானின் அணு ஆயுதங்களை நிர்வகிக்கும் பிரிவின் தலைமையகம் அதற்கு அருகில் இருக்கிறது. அப்புறம் கிரானா மலையில் உள்ள அணு ஆயுதக் கிடங்கு அடிபட்டது என்று ஒரு வதந்தி கிளம்பியது. இந்திய விமானப்படை மறுத்தது. பாகிஸ்தானில் எந்த அணு நிலையத்திலிருந்தும் கதிர்வீச்சுக் கசிவு இல்லை என்று சர்வதேச அணுசக்தி முகமை சொன்னது. வதந்தி மோதல் நின்ற பிறகே பெரிதாகப் பரவியது. மோதலுக்கு நடுவில், பதில் முடிவு எடுக்கும் மேசைக்கு அது போயிருந்தால் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பாகிஸ்தான் சாதாரண ஏவுகணைகளுக்காகத் தனியாக ஒரு ராக்கெட் படையை அறிவித்தது. இதில் ஒரு நல்ல கூறு இருக்கிறது: சாதாரண ஏவுகணைகள் வேறு நிர்வாகத்தில், வேறு இடத்தில் இருந்தால் குழப்பம் குறையும். ஆனால் இரண்டு நாடுகளும் ஏவுகணையால்தான் முதல் அடி என்று பழகிவிட்டால் அந்த நன்மை கரைந்துவிடும்.

ஒப்பந்தங்கள் எதுவும் இல்லையா?

இருந்தன. 1987 டிசம்பரில் ரீகனும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை போகும், தரையிலிருந்து ஏவும் ஏவுகணைகளை அணு, சாதாரணம் என்று பிரிக்காமல் மொத்தமாகத் தடைசெய்தது. 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. பிரித்துப் பார்க்க முடியாது என்பதால் இரண்டையும் சேர்த்தே தடைசெய்த அந்த யோசனையின் அருமை இன்றுதான் புரிகிறது. ரஷ்யா 9எம்729 ஏவுகணையால் அதை மீறியது என்று குற்றம்சாட்டி அமெரிக்கா 2019 ஆகஸ்டில் விலகியது.

2010-இல் பிராகில் கையெழுத்தான அமெரிக்க-ரஷ்ய நியூ ஸ்டார்ட் ஒப்பந்தம், ஏவத் தயாராக நிலைநிறுத்தப்பட்ட அணு வெடிமுனைகளுக்கு 1,550 என்று வரம்பு வைத்தது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையில் சாதாரண வெடிமுனை வைத்தாலும் அந்த வரம்புக்குள்தான் கணக்கு. ரஷ்யா 2023-இல் பங்கேற்பை நிறுத்தியது. ஒப்பந்தத்தின் காலமும் 2026 பிப்ரவரியில் முடிந்தது. குரூஸ் ஏவுகணைகளை அது தொடவும் இல்லை. ஏவுகணை ஏவுவதை முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லும் 2002-இன் ஹேக் நடத்தை நெறியும் பாலிஸ்டிக் ஏவுகணைகளோடு நின்றுவிடுகிறது.

இனி என்ன செய்யலாம்?

பெரிய ஒப்பந்தம் அருகில் எங்கும் தெரியவில்லை. அதற்காகக் காத்திருக்கத் தேவையும் இல்லை. முன்னெச்சரிக்கை ரேடார்கள், எச்சரிக்கைச் செயற்கைக்கோள்கள், அணுக் கட்டளை மையங்கள் இவற்றைத் தொட மாட்டோம் என்று அணு ஆயுத நாடுகள் தனித்தனியாக அறிவிக்கலாம். சரிபார்ப்புக் குழு எதுவும் இதற்கு வேண்டாம். மீறினால் உடனே தெரிந்துவிடும். இந்தியாவும் பாகிஸ்தானும் 1988-இல் செய்ததன் நீட்சிதான் இது, கட்டளை மையங்களையும் அந்தப் பட்டியலின் பொருளுக்குள் கொண்டுவந்தால் போதும்.

இரண்டாவது, ஒரே ஏவுகணைக்கு இரண்டு வேலை கொடுப்பதை விடுவது. இது கடினம். ஏனென்றால் அந்தக் குழப்பத்தையே சில ராணுவங்கள் பாதுகாப்பு என்று நினைக்கின்றன: எது அணு என்று தெரியாவிட்டால் எதிரி எதையும் தொட மாட்டான் என்று. தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற பக்கத்தை அவர்கள் போதுமான அளவு யோசிப்பதில்லை என்பது என் வாதம்.

மூன்றாவது, சுலபமானது. இந்தியா-பாகிஸ்தான் 2005 ஒப்பந்தத்தில் குரூஸ் ஏவுகணைகளையும் சேர்ப்பது, ஹேக் நெறியிலும் அப்படியே. தவறுதலாக ஏவப்பட்டால் எத்தனை நிமிடத்துக்குள் யார் யாருக்கு ஃபோன் செய்ய வேண்டும் என்பதை எழுதிவைப்பது. 2022 மார்ச்சில் பிரமோஸ் பாகிஸ்தான் நிலத்தின் மேல் பறந்த நேரம் நான்கு நிமிடத்துக்கும் குறைவு. அந்த அழைப்பு ஏவுகணை விழுவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும் என்றால், உத்தரவுக்காகக் காத்திருக்காமல் தொலைபேசியை எடுக்கும் அதிகாரம் பணியில் இருக்கும் அதிகாரிக்கே இருக்க வேண்டும்.